மற்றும் பலர்

பேர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மயிலாத்தா. கட்டின புருஷன் பேர் ரேடியோவில் வந்துவிடக் கூடாது என்று எந்தப் பொம்பளையாவது சாமியைக் கும்பிடுவாளா? இவள் கும்பிட்டாள். தெய்வானையக்கா வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், மில் லைன் வீட்டுச் சனம் முப்பது பேருக்குக் குறையாமல் கூடி, அவரவர் வீட்டு ஆம்பளை பேர் வரவேண்டுமே என்று ரேடியோப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி மட்டும் மடியில் இரண்டு மாசக் கைக்குழந்தையைப் போட்டுக்கொண்டு, மாரியாத்தா, இன்னைக்கு மட்டும் வேண்டாம், இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் அவர் பேரைச் சொல்ல வச்சராதே தாயே என்று உள்ளுக்குள் முணுமுணுத்தாள். முணுமுணுத்த மறுநொடி நெஞ்சு திக்கென்றது. என்ன வேண்டுதல் இது? பேர் வரக்கூடாது என்றால் ஆளே இருக்கக்கூடாது என்று ஆகிவிடாதா? சாமி காதில் பாதிதான் விழுந்தது என்றால்? ஐயோ, நான் அப்படிச் சொல்லலை தாயே, ஆள் நல்லாருக்கணும், கை கால் சுகத்தோட இருக்கணும், பேர்தான் வேண்டாங்கறேன், பேர் மட்டுந்தான். சாமிக்கே இப்படி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிற நிலைமை எதிராளிக்கும் வரக்கூடாது. ரேடியோவில் மூன்றாவது பாட்டு முடிந்து ஏதோ சோப்பு விளம்பரம் போனது. மணி ஒன்றே முக்கால். நேயர் விருப்பம் முடிய இன்னும் அரைமணி நேரம் கிடந்தது. அதற்குள் எப்போது வேண்டுமானாலும் அவர்கள் பாட்டு வரும். வராமல் போகாது. ஏழு மாசமாக ஒரு வாரம்கூட அது வராமல் இருந்ததில்லை.

அவர்கள் பாட்டு என்றால் அவர்கள் எழுதினதா, மெட்டுப் போட்டதா? சினிமாப் பாட்டுத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த படம். கதாநாயகன் கைவண்டி இழுக்கிறவன். அடைமழையில் வேலை இல்லாமல் குடிசைக்கும் தெருவுக்குமாக அலைந்துவிட்டுக் கடைசியில் வண்டியைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டு, உலைய ஏத்தி வையடி பொன்னம்மா, நான் அரிசியோட வாரேண்டி பொன்னம்மா என்று பாடிக்கொண்டே மழையில் போவான். படம் வந்த காலத்தில் லைன் வீட்டில் ஒருத்தரும் அந்தப் பாட்டைச் சட்டை பண்ணவில்லை. அப்போது மில்லு ஓடியது, மூன்று ஷிப்டும் சங்கு ஊதியது, உலையில் போட அரிசி இருந்தது. அரிசி இருக்கிறவனுக்கு அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது? போன தை மாசம் பொன்னரசி மில்லில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பஞ்சு இல்லை, கரண்டு இல்லை, நூல் தேங்கிவிட்டது, மறு அறிவிப்பு வரும்வரை மில்லு இயங்காது. அதற்குப் பிறகு ஒருநாள் டீக்கடை ரேடியோவில் இந்தப் பாட்டு வந்ததும், மில் கேட்டில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள் என்று சொன்னார்கள். ஒருத்தன் அழுதானாம். ரேஷன் கடை வரிசையில் சோளத்துக்கு நிற்கிற பொம்பளைகள் வாயில் வந்தது. மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துக்கொண்டே மயிலாத்தாவும் பாடியிருக்கிறாள். அடுத்த வீட்டு ரங்காத்தா, "உலையெல்லாம் ஏத்தியாச்சு, பாடுனவன எங்கடி காணோம்? அரிசிய அவன் பொண்டாட்டிக்கு மட்டும் கொண்டுபோயிட்டானா?" என்று கேட்டுச் சிரிக்க வைப்பாள். சிரித்துவிட்டு மறுபடி பாடுவார்கள். அந்தப் பாட்டில் என்றைக்கு வருவேன் என்று ஓரிடத்திலும் கிடையாது. மயிலாத்தா நாலைந்து தடவை காதைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டாள், தேதி இல்லை. ஆனால் வரமாட்டேன் என்றும் இல்லை. வயிறு காய்கிறவனுக்கு அது பெரிய விஷயம். யாரும் எதுவும் நிச்சயமாகச் சொல்லாத காலத்தில் ஒருத்தன் குரலெடுத்து வாரேன் என்கிறானே, அது போதாதா?

சித்திரையில் ஆம்பளைகள் கிளம்பினார்கள். பிவண்டி, சோலாப்பூர், இச்சல்கரஞ்சி, எங்கெங்கே தறியும் நூல் நூற்கிற கதிரும் ஓடுகிறதோ அங்கங்கே ஆளுக்கொரு திக்கு. ரயிலடியில் வைத்து மயிலாத்தா வீட்டுக்காரர் ஆறுச்சாமிதான் அந்த யோசனையைச் சொன்னார். நாம எல்லாரும் இந்தப் பாட்டையே கேட்டு ரேடியோவுக்குக் கார்டு போடுவோம். ஒரே பாட்டுன்னா பேரெல்லாம் ஒரே மூச்சில் வாசிப்பாங்க. வீட்டில் இருக்கிறவங்க அந்த ஒரு பாட்டுக்குக் காத்திருந்தாப் போதும், யாரு எந்த ஊர்ல உசுரோட இருக்கறோம்னு லைனுக்கே தெரிஞ்சுரும். எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. கடிதாசி என்றால் நாலு வரி எழுதவேண்டும், நாலு வரி எழுதினால் சாப்பிட்டாயா, எங்கே படுக்கிறாய் என்பதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டும், பொய் சொல்லவேண்டும். பாட்டுக் கார்டில் பேரும் ஊரும் போதும். இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெய்வானையக்கா வீட்டு வாசல் லைன் சனத்துக்குக் கோயில் மாதிரி ஆயிற்று. பேட்டரிக் கட்டையைக் காலையிலேயே வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பாள் அந்தப் புண்ணியவதி, கட்டை இன்னும் நாலு வாரம் உழைக்கட்டும் என்று. பேர் வாசிக்க வாசிக்க அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, "உள்ளேன் ஐயா!" என்று அப்பனுக்காகக் கத்தும். யார் ஆரம்பித்ததோ, அதுவும் வழக்கமாகிவிட்டது. ஆறுச்சாமி கார்டில் அவர் பேருக்குப் பின்னால் மயிலாத்தாள், ஜோதிமணி என்று பெண்டாட்டி பேரையும் மகள் பேரையும் சேர்த்துப் போடுவார். மற்ற ஆம்பளை யாரும் பெண்டாட்டி பேரைப் போடுவதில்லை. ரேடியோவில் முதல் தடவை தன் பேர் வந்தபோது மயிலாத்தாவுக்கு உட்கார்ந்த இடத்தில் முகமெல்லாம் கொதித்தது, ஊரே கேட்டதே என்று. ரங்காத்தா அந்த வாரம் பூராவும் அவளை ரேடியோக்காரி என்றுதான் கூப்பிட்டாள். ஒன்றே ஒன்றுதான் எல்லாருக்கும் பயம். நேரம் இல்லை என்றால் அந்த அறிவிப்பாளர் அம்மா பாதியில் "மற்றும் பலர்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவாள். அந்தப் பலரில் யார் யார்? பேர் வராத வீட்டில் அன்றைக்கு அந்தப் பலரில்தான் அவர் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு படுப்பார்கள். மயிலாத்தாவும் அப்படிப் படுத்தாள், ஒரு வாரம், இரண்டாவது வாரம். மூன்றாவது வாரமும் அதே பலரில் எப்படிப் படுப்பது?

நாலாவது பாட்டு ஆரம்பித்தது, ஏதோ காதல் பாட்டு, குளத்தங்கரை, தாமரை. குழந்தை பால் குடிப்பதை விட்டுவிட்டு முகத்தைச் சுளித்தது. இதற்குச் சுகுணா என்று பேர் வைத்தாயிற்று, அப்பனுக்குத் தெரியாது. நாலு மாச வயிற்றோடு இவளை விட்டுப் போனவர். பிள்ளை பிறந்த சேதியை எழுதிப் போட்டாள், பதில் இல்லை. பேர் வைத்ததும் இன்னொன்று போட்டாள், அவர் போயிருந்த தாவணகெரே விலாசத்துக்கு. அது ஆள் இல்லை என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. ஆள் இல்லை. எழுதினவனுக்கு என்ன, இரண்டு எழுத்தும் மூன்று எழுத்தும். அந்த இடத்தை விட்டுப் போய்விட்டார் என்று எழுதக் கூடாதா? வேறு தறிக்கு மாறிவிட்டார் என்று எழுதினால் கை வலிக்குமா? மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் பேர் வராதபோது ஜோதிமணி முழங்காலைக் கட்டிக்கொண்டது. எட்டு வயதுப் பிள்ளை, மற்ற பிள்ளைகள் எல்லாம் எழுந்து எழுந்து கத்துவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அன்றைக்குப் பொழுதுசாயத் தலைவாரிவிடும்போது, "ஏம்மா, அப்பாவுக்கு அந்தப் பாட்டு புடிக்காமப் போயிருச்சா?" என்று கேட்டது. அதுதான். அந்தக் கேள்விதான் செய்ய வைத்தது. மறுநாள் கார்டு வாங்கி, அடுப்பங்கரையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். ஊர், தாவணகெரே. பாட்டு, அந்தப் பாட்டு. பிறகு வாயால் ஒருநாளும் சொல்லியறியாத பேர். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தவள் இவளைப் பெற்றவள். ரேஷன் கடையில் கேட்டால்கூட ஜோதிமணியைத்தான் சொல்லச் சொல்வாள். அந்தப் பேரை முழுசாக, இனிஷியலோடு, கோணாமல் எழுதினாள். அவர் எழுதுகிற மாதிரியே எழுதவேண்டும் என்று மயிலாத்தாள், ஜோதிமணி என்று வரிசையாகப் போட்டாள், போட்ட கை நிற்காமல் சுகுணா என்றும் போட்டுவிட்டது. அந்தக் குட்டியை மட்டும் எப்படி விடுவது என்று ஒரு பாசம். அஞ்சல் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது, அவருக்குத் தெரியாத பேர் அவர் கார்டில் எப்படி வரும்? போனது போனதுதான், பெட்டிக்குள் கையா விட முடியும்?

ஒரு தடவை மகள் எழுந்து கத்தட்டும், அவ்வளவுதான் நினைத்தாள். பொய் என்றே நினைக்கவில்லை. காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுப்பதுபோல் நினைத்தாள். ஆனால் கார்டு அந்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ரேடியோவுக்கு மூட்டை மூட்டையாகக் கார்டு போகும், எடுத்து வாசிக்கிற கை எதை எடுக்கும் என்று யார் கண்டது? அதற்குள்தான் அந்தத் துண்டுக் காகிதம். வெள்ளிக்கிழமை பொட்டுக்கடலை மடித்து வந்த பழைய பேப்பர். பிரித்து அடுப்பில் போடப்போனவள் கண்ணில், கொட்டகை இடிந்து என்று பட்டது. நெசவுக் கொட்டகை ஒன்றின் மேற்கூரை மழையில் இடிந்து விழுந்ததில் மூன்று தொழிலாளர்கள். இறந்தவர்களில் இருவர் வெளியூர்க்காரர்கள், அடையாளம். அதோடு கிழிந்திருந்தது. எந்த ஊர்? மேலே கிழிந்திருந்தது. என்றைக்கு? தெரியவில்லை. கடைக்கு ஓடினாள், மீதிப் பேப்பர் இருக்கா என்று. கடைக்காரன் ஏறிட்டுப் பார்த்தான், பேப்பர் எல்லாம் எப்பவோ மடிச்சுக் குடுத்தாச்சே என்றான். ஊருக்குள் எத்தனை வீட்டு அடுப்பில் எரிந்ததோ அந்த மீதி. துண்டை நாலாக மடித்துச் சோள டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஒருத்தருக்கும் காட்டவில்லை. காட்டினால் வாய்விட்டுச் சொல்லவேண்டும், சொன்னால் இந்தச் சனம் உடனே இவள் பொட்டைப் பார்க்கும், அப்புறம் கழுத்தைப் பார்க்கும். மழையாம். அங்கே மழை பெய்ததா? பெய்தால் என்ன, ஊரில் ஒரு கொட்டகையா இருக்கும்? ஆயிரம் கொட்டகை இருக்கும். ஆயிரத்தில் ஒன்று. ஆனால் வெளியூர்க்காரர்கள். எல்லாக் கொட்டகையிலும் வெளியூர்க்காரர்கள்தானே இருப்பார்கள்? ஆள் இல்லை என்று சிவப்பு மையில். இல்லை, இல்லை, அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி முடிச்சுப் போடுவது இவள் மனசு. மனசு என்ன, பேய். குழந்தையை மார்போடு இறுக்கினாள், அது சிணுங்கியது, தளர்த்தினாள்.

"ஏனம்மிணி, ஒரு மாதிரியா இருக்கற? வெயிலா?" என்றார் கிட்டுச்சாமி.

கிட்டுச்சாமி இவள் வீட்டுக்காரரோடு ஒரே ஷிப்டில் பத்து வருஷம் கதிர் ஓட்டினவர். சின்ன வயசில் விழுந்து ஊனமான கால், அதனால் வெளியூர் போகாமல் நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு மஞ்சப் பை. அதில் ஒரு வேட்டி, துண்டு, கட்டுச்சோறு. அவர் மச்சினன் லாரியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு தாவணகெரே வழியாகப் போகிறான். மூன்று மணிக்கு ரயில்வே கேட்டில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். இனி இருபது நாளைக்கு அந்தப் பக்கம் லோடு கிடையாது. புதன்கிழமை அவரே வந்து சொன்னார், "இந்த ஞாயித்துக்கெழமையும் பேரு வரலீன்னா நானே நேர்ல போயிப் பாத்துட்டு வந்தர்றேன் அம்மிணி. நீ மனச உட்றாத." சொல்லும்போது எதிரில் கண்ணைப் பார்க்கவில்லை, அவரும் என்னவோ நினைக்கிறார் என்று இவளுக்குத் தெரிந்தது. நாளைக்கு அவரை மரக்கடையில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், பத்து மாசத்தில் முதல் வேலை. போனால் அது போய்விடும். பேர் வந்தால் மரக்கடை, வராவிட்டால் லாரி. அப்போதே சொல்லியிருக்கலாம், அண்ணா, நானொரு கார்டு போட்டிருக்கறேன், அது வந்தாலும் வரும், அதை நம்பாதீங்க என்று. வாய் வரவில்லை. வியாழன் சொல்லலாம் என்று இருந்தாள். வெள்ளி. சனிக்கிழமை அவர் வீட்டு வாசல்வரைக்கும் போனாள், அவர் மனைவி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டு, "என்ன மயிலா?" என்றதும், நெருப்புப் பெட்டி இருக்கா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் முழுப்பெட்டி இருந்தது. புருஷன் பேரில் பொய்க் கார்டு போட்டவள் என்று லைன் பூராவும் பேசும். இந்த வாசலில் உட்காரவிட மாட்டார்கள். இருபது வீட்டுப் பொம்பளைகள் இந்தப் பேர் வரிசையை நம்பித்தான் அடுத்த ஞாயிறுவரை ஓட்டுகிறார்கள். அதில் ஒன்று பொய் என்றால், அப்புறம் எது நிஜம் என்று ஒவ்வொருத்தியும் கேட்கமாட்டாளா?

"ஒண்ணுமில்லீங்ணா," என்றாள். "பால் குடுத்தது, தலை கிறுகிறுங்குது."

"இன்னைக்கு வரும் பாரு. எனக்கென்னமோ காலைல இருந்து மனசுல படுது," என்றார்.

ஐயோ, படவேண்டாமே. இப்போதே சொல்லிவிடலாம். ஐந்தாவது பாட்டு போய்க்கொண்டிருக்கிறது, பக்கத்தில்தான் இருக்கிறார், காதோடு சொன்னால் ஒருத்தருக்கும் கேட்காது. அண்ணா. அவ்வளவுதான் ஆரம்பம். அண்ணா என்றால் திரும்பிவிடுவார், மீதி தானாக வரும். ஆனால் அவசரப்பட்டுச் சொல்வானேன், வராமலே போனால்? இரண்டு வாரம் வராதது இன்றைக்கும் வராமல் போகலாம். வராவிட்டால் கிட்டண்ணா லாரி ஏறிவிடுவார், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். ஆமாம், வராது. வரவே வராது. அட, அவரே நிஜமாகப் போட்ட கார்டு வந்தால்? அதுவும் வரலாம் அல்லவா? வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது? சுகுணா! சுகுணா என்று வந்தால் என் கார்டு, வராவிட்டால் அவர் கார்டு. இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை? தப்பாக எழுதினோமே என்று மூன்று வாரமாக அடித்துக்கொண்டாளே, அதுதான் கை கொடுக்கிறது. அவள் குனிந்து குழந்தையின் நெற்றியைப் பார்த்தாள். உன் பேரைச் சொல்லக்கூடாது கண்ணு, மூன்று பேரோடு அந்தம்மா நிறுத்திவிடவேண்டும், அப்படி நிறுத்தினால் உங்கப்பன் இருக்கிறார் என்று அர்த்தம். வேண்டுதல் மாறிவிட்டது. இப்போது பேர் வரவேண்டும், ஒன்று மட்டும் வரக்கூடாது. அடிக்கடி மாற்றினால் சாமிக்குக் கோபம் வருமோ என்று அதற்கும் பயந்தாள்.

ரேடியோ ஒரு கணம் கரகரத்து அடங்கியது. தெய்வானையக்கா பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள், குரல் திரும்பியது. அந்த அறிவிப்பாளர் அம்மா சிரித்துக்கொண்டே, அடுத்து வருவது வாராவாரம் நீங்கள் விடாமல் கேட்கும் பாடல் என்றாள். வாசல் பூராவும் ஒரு மூச்சு இழுபட்டது. உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முட்டி போட்டு நிமிர்ந்தன. பிவண்டியிலிருந்து ராக்கியண்ணன், பழனியப்பன். "உள்ளேன் ஐயா! உள்ளேன் ஐயா!" சோலாப்பூரிலிருந்து திருமலைசாமி. "உள்ளேன் ஐயா!" இச்சல்கரஞ்சியிலிருந்து நாச்சிமுத்து, சென்னியப்பன், ரத்தினவேலு. ஒவ்வொரு கத்தலுக்கும் மயிலாத்தாவுக்கு முதுகில் யாரோ தட்டுவதுபோல் இருந்தது. ஜோதிமணி எழுந்து நிற்கவில்லை. மண்ணில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தது, ஐந்து வாரமாகப் பழகிவிட்டது அதற்கு. முடிந்துவிட்டது, இனி இல்லை, பாட்டைப் போடுவாள் என்று இவள் கண்ணை மூடினபோது, "தாவணகெரேயிலிருந்து" என்றது ரேடியோ. "ஆறுச்சாமி, மயிலாத்தாள், ஜோதிமணி," என்றது. மூச்சு வாங்கினாள் அந்தம்மா. அந்த மூச்சுக்குள் மயிலாத்தா ஏழு கடலுக்கும் போய்த் திரும்பினாள். சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே. "மற்றும் பலர்," என்றது ரேடியோ. பாட்டு தொடங்கியது.

"உள்ளேன் ஐயா!" ஜோதிமணி போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை எழும்பியது. ஒருதரம் போதவில்லை, குதித்துக்கொண்டு மூன்று தரம் கத்தியது, தொண்டை கட்டிக்கொண்டது, அப்படியும் கத்தியது. சனம் கை தட்டியது. ரங்காத்தா எழுந்து வந்து மயிலாத்தா கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். "ரேடியோக்காரி! அஞ்சு வாரமா உசுர எடுத்துப்போட்டானே உன்ற ஊட்டுக்காரன்!" தெய்வானையக்கா உள்ளே போய் ஒரு கை நாட்டுச் சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்து பிள்ளை வாயில் போட்டாள். கிட்டுச்சாமி தொடையைத் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர். "நாசமாப் போறவன், என்னயவே லாரி ஏத்தப் பாத்தானே. செரி, நான் கேட்டுக்குப் போயி மச்சினங்கிட்ட சொல்லியுட்டு வந்தர்றேன், அவன் எனக்காக நின்னுட்டிருப்பான்." பையை எடுத்துத் தன் மகள் கையில் கொடுத்தார், அம்மாட்ட குடு, சோத்த எடுத்து வெக்கச் சொல்லு என்று. உலைய ஏத்தி வையடி என்று அவன் பாடினான், முப்பது பேரும் கூடப் பாடினார்கள், ஜோதிமணி எல்லாருக்கும் மேலே பாடியது.

மயிலாத்தாவும் பாடினாள். வாய் அசைந்தது. யார் கார்டு? அவர் கார்டாக இருக்கலாம். நிஜமாகவே இருக்கலாம், அப்படி இருந்தால் இந்தச் சிரிப்பெல்லாம் நிஜம், கிட்டண்ணா நாளைக்கு மரக்கடைக்குப் போகலாம், பிள்ளை ராத்திரி சாப்பிடும். அந்தம்மா நாலாவது பேரைப் பார்த்துவிட்டு நேரமில்லாமல் விட்டிருந்தால் அது என் கார்டு. பார்க்க நாலாவது பேரே இல்லாவிட்டால் அவர் கார்டு. அந்த ஒரு மூச்சில் அவள் கண் கார்டில் என்ன பார்த்தது? யாரைப் போய்க் கேட்பது? சும்மா இருந்துவிட்டால் என்ன? இன்னும் ஒரு வாரம். அடுத்த வாரம் வரும், அடுத்த வாரமும் வராவிட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் லாரி ஏது? இருபது நாளில் அவர் ஏதோ ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தால், பேச்சுத் தெரியாத ஊரில் தண்ணீர் கேட்டுக்கொண்டு கிடந்தால், இங்கே நாங்கள் அவர் பேருக்குச் சர்க்கரை தின்றுகொண்டிருப்போம். பாட்டில் அவன், வாரேண்டி வாரேண்டி என்று இழுத்தான். எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. இத்தனை மாசமாக இவளைத் தூக்கி நிறுத்தின குரல் அது. இப்போது அந்தக் குரலே இவள் வாயைப் பொத்துகிறது. வருவான், உட்கார், உலையைப் பார்த்துக்கொண்டு உட்கார். கிட்டுச்சாமி காலை இழுத்துக்கொண்டு லைன் முனை வரைக்கும் போய்விட்டார். முனை திரும்பினால் கண்ணுக்குத் தெரியமாட்டார். எழுந்தாள். குழந்தையை இடுப்பில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தாள், எதிரில் இருந்தவர்கள் ஆடவருகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். ரேடியோவின் திருகைப் பிடித்து நிறுத்தினாள்.

அந்தப் பாட்டை நடுவில் நிறுத்தினவர் அந்த லைனில் ஒருத்தரும் இல்லை. இரண்டு மூன்று குரல் அடுத்த வரியைப் பாடிவிட்டு நின்றன.

"அண்ணா!" என்று கூப்பிட்டாள். அடித்தொண்டையிலிருந்து வந்தது. "கிட்டண்ணா, போகாதீங்க! நில்லுங்க!"

அவர் திரும்பினார்.

"என்னடி பண்ற, உனக்குக் கிறுக்கா? பாட்டப் போடு," என்றாள் தெய்வானையக்கா.

"அந்தக் கார்டு நான் எழுதினதக்கா." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் நிற்கமுடிந்தது. "மூணு வாரத்துக்கு முந்தி. அவரு பேர்ல நாந்தான் போட்டேன். பிள்ளைக்காவப் போட்டேன். இப்ப வந்தது அதுதானா, அவரு போட்டதான்னு எனக்குத் தெரியலீங்ணா. சத்தியமாத் தெரியல. ஆளு அங்க இல்லீன்னு கடுதாசி திரும்பி வந்திருக்குது. நீங்க போயிப் பாத்தே ஆகோணும்."

ரங்காத்தா முந்தானையை வாயில் வைத்தாள். வேறு சில பொம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இவள் பயந்தது எல்லாமே இருந்தது. கிட்டுச்சாமி அங்கிருந்தே கொஞ்ச நேரம் இவளைப் பார்த்தார். மரக்கடையை நினைத்தாரோ என்னவோ, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அந்தப் பையக் கொண்டா சாமி," என்றார்.

ஜோதிமணி வந்து சேலையைப் பிடித்தது. உதட்டில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"ஏம்மா, அப்ப அப்பா இருக்கறாரா இல்லியா?"

ஏழு மாசத்தில் ஒருத்தரும் அந்த லைனில் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. மயிலாத்தா அப்படியே மண்ணில் உட்கார்ந்து மகளையும் ஒரு கையால் அணைத்துக்கொண்டாள்.

"தெரியல கண்ணு," என்றாள். "அம்மாவுக்குத் தெரியல."